விஜயாவின் அதட்டலை வெட்டிய கதை

பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்குப் புது எபிசோட் பேசுவது விளையாட்டு. போன வருஷம் பேசியதைச் சரிசெய்வதுதான் தலைவலி. பிள்ளைகளின் பழைய சட்டையைப் பிரித்துத் தைத்த அம்மாமாருக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். பலாபத்வலயில், என் வீட்டுக் குசினியில் அடுப்போரமாகப் போனை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவள் நான்.

புதன் வெள்ளியானது

பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற டவுன் கிளினிக் புதன்கிழமை என்று பழைய எபிசோடில் சொல்லியிருந்தேன். நாள் வெள்ளிக்கு மாறியதும், கெட்டிக்காரி மாதிரி உடனே திருத்திப் போட்டேன். ஆனாலும் எல்கடுவ தேயிலைத் தோட்டத்துச் செல்வி அக்கா புதன்கிழமையே கைப்பிள்ளையோடு பஸ் ஏறிவந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று எனக்குப் போன் அடித்தார்.

"திருத்திட்டேனே அக்கா!" என்றேன்.

"லயத்து வீட்டுல சிக்னல் எங்க இருக்கு? நீங்க பேசினது பூரா அப்பவே போன்ல எறக்கி வச்சிட்டேன். நீங்க அங்க மாத்துனா இங்க மாறுமா?"

சுத்தம் செய்தேன்

அடுத்தது இரைச்சல் நீக்கும் வேலை. சோறு தின்னாத பிள்ளைகளைப் பற்றிய எபிசோடில் என்னோடு பேசியவள் பக்கத்து வீட்டு விஜயா. இப்போது குவைத்தில் வீட்டு வேலை. பேச்சுக்கு நடுவில் மகள் யாழினியைப் பார்த்து, "ஏய், வாயில உள்ளத முழுங்கு!" என்று ஐந்தாறு தரம் கத்தியிருந்தாள். அத்தனையையும் வெட்டினேன். போனில் இடம் போதாதென்று பழையதை அழித்தும் விட்டேன்.

மூன்றாம் நாள் யாழினியின் அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். நாலு வயது யாழினி அந்த எபிசோடைப் போட்டால்தான் சாப்பிடுவாளாம். அம்மா கத்துகிற இடத்தில்தான் விழுங்குவாளாம்.

"இப்ப ஒரு வாய் சோத்த கன்னத்துல அடக்கிக்கிட்டு கடைசி வரைக்கும் காத்திருக்கு. அவ அம்மா எங்க போனா தங்கச்சி?"

எல்கடுவயிலிருந்து வந்த அம்மா

விஜயாவிடம் சொன்னேன். புதிதாகப் பேசி அனுப்பினாள். வேலை செய்கிற வீட்டில் கத்தவா முடியும்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாக, "முழுங்கும்மா" என்றாள். யாழினி சோற்றைத் துப்பிவிட்டாள்.

அப்போதுதான் செல்வி அக்கா ஞாபகத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை கிளினிக் வாசலில் அவரைப் பிடித்து, அவர் போனிலிருந்து பழைய எபிசோடை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அத்தை ஒரு வாய் ஊட்டினார். "ஏய், வாயில உள்ளத முழுங்கு!" விழுங்கினாள்! யாழினி அடுத்த வாய்க்குக் காத்திருந்தபடி சொன்னாள்:

"இதுதான் எங்கம்மா. அது அழுவுது, இது ஏசுது."

இப்போதெல்லாம் எந்த எபிசோடைத் திருத்துவதானாலும், செல்வி அக்கா அதை இறக்கி வைத்துவிட்டாரா என்று கேட்ட பிறகுதான் கத்தரி எடுக்கிறேன்.