ஏலத்தில் நான் எடுத்த பேஸ் கிட்டார்

புதுக்கடை சந்திப்பில் பேருந்தை விட்டு இறங்கினால் இடது பக்கம் தெரிகிற இரண்டு மாடிக் கட்டடம் நான் எழுப்பியது. அதன் கீழ்த்தளத்து ஒலி ஒளி நிலையம் என்னுடையது. மூன்று ஜெனரேட்டர், இரண்டு லாரி, ஆள் உயரத்தில் பதினாறு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள். பெட்டிகளுக்குப் பலகை அறுத்தது, பசை போட்டது, துணி ஒட்டியது எல்லாம் நானே. அறுக்கிறபோது இடது கை நடுவிரலின் நுனி போயிற்று, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடங்கியபோது என்னிடம் இருந்தது கோளாம்பி என்று நாங்கள் சொல்கிற குழாய் ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று. அதைத் தோளில் கட்டிக்கொண்டு தென்னையில் ஏறுவேன். பனையேறி மகன் இப்போது மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறான் என்று கீழே நின்று சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பிறகு நான்தான் செட் போட்டேன். ஐந்தாம் வகுப்பு பாதியில் நின்றவன், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்து, மேடையில் சினிமாப் பாட்டு பாடுகிற ஒரு கானமேளா குழுவும் நடத்தினேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லாதவன் எதற்கு எழுத உட்கார வேண்டும்?

எனக்கு ஒரு ராகத்தின் பெயரும் தெரியாது. ஆனால் சுருதி ஒரு நூல் விலகினால் எனக்குப் பல் கூசும். பங்குக் கோயில் திருவிழா, அம்மன் கோயில் கொடை, அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதியில் நடக்கும் விழா என்று நாற்பது வருடம், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் நின்ற காது இது. எந்தக் கல்லூரியும் கொடுக்காத காது.

என் மனைவியின் தம்பிக்குக் கல்லூரி எல்லாம் கொடுத்தது. திருவனந்தபுரத்தில் சங்கீதம் படித்தான், ஆங்கிலம் பேசினான், என் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தான். அவனுடைய முதல் கிட்டாரை வாங்கிக் கொடுத்தது நான். மேடையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினால் முன் வரிசையில் இருக்கிறவர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். அந்தத் தட்டலைக் கொண்டுபோய் அவர்கள் நெஞ்சில் மோதச் செய்தது என் பெட்டி. பெட்டிக்கு யார் கைதட்டுகிறார்கள்? நிகழ்ச்சி முடிந்ததும் அவனைச் சுற்றித்தான் கூட்டம். நான் வயர் சுருட்டிக்கொண்டு இருப்பேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி அவனுக்கு முதலில் சோறு போடுவாள். பசித்திருப்பான் என்பாள். எனக்குப் பசிக்காது என்று அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்டதில்லை.

அவனுக்கு ஒரு ஏக்கம் இருந்தது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோலக் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். பிரெட் என்பார்கள். விரலை எங்கே வைத்தாலும் அவை சுரத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொடுக்கும். பிரெட்டே இல்லாத பேஸ் கிட்டாரும் உண்டு. அதில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், மனிதன் முனகுவதுபோல ஒலிக்கும், கொஞ்சம் பிசகினாலும் ஊருக்கே தெரியும். அதிலும் எழுபதுகளில் ஜப்பானில் செய்த ஒரு வகை இருக்கிறதாம். அதன் படத்தை இன்டர்நெட் கடையில் அச்செடுத்து ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். கொச்சியில் தேடினான், சென்னைக்கு ஆள் விட்டான், கிடைக்கவில்லை. மூன்று வருடம் தினமும் அந்தப் படத்தைப் பார்த்தேன். கழுத்து கருப்பு, உடம்பு தேன் நிறம், அதன் மேல் பக்கம் கொம்புபோல நீட்டிய முனை சற்று நீளம். அவன் அதற்காக ஏங்கினான் என்றால் நான் அதை அவனுக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

கண்டுபிடித்தேன். சுனாமி வந்துபோன மூன்றாம் வருடம், கடற்கரையில் ஒரு பங்குக் கோயில் திருவிழாவில்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நோயோ ஆபத்தோ நீங்கினால் வீட்டில் ரொம்பப் பிரியமான பொருளை மாதாவுக்கு நேர்ச்சையாகக் கொடுப்பார்கள். திருவிழாப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அதை ஏலம் போடுவார்கள். கொடுத்த வீட்டுக்காரர்களே ஏலத்தில் கேட்டு அதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கோயிலுக்குக் காணிக்கை சேரும், பொருள் வீடு திரும்பும். வேறு யாரும் போட்டிக்குக் கேட்பதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருடம் அந்தக் கோயிலுக்கு மைக்செட் போட்ட எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று ஒரு வார்த்தையும் இங்கே எழுத மாட்டேன்.

காலை பத்து மணி வெயில். சேவல் போயிற்று, ஆடு போயிற்று, வாழைக்குலை போயிற்று. ஏலம் கூறுகிறவர் ஒரு துணிப்பொதியைப் பிரித்தார். தேன் நிற உடம்பு, கருத்த கழுத்து, நீண்ட கொம்பு. கழுத்தில் ஒரு பிரெட்டும் இல்லை. என் கை மிக்சரிலேயே நின்றுவிட்டது.

“பிரெட்டெல்லாம் களண்டு போன கிட்டாரு,” என்றார் அவர் மைக்கில். “வாசிக்க ஆகாது, தொட்டிலுக்குக் கம்பாக் கெட்ட ஆகும்.” முற்றம் சிரித்தது.

அதன் கதை பிறகு தெரிந்தது. பயணிகள் கப்பலில் சமையல்காரராக இருந்து, பிறகு ஊரில் வலைத்தொழில் பார்த்த ஒருவர், கப்பலின் இசைக்குழுவில் வாசித்த யாரிடமோ வாங்கிவந்த பொருள். அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. கடல் வீட்டுக்குள் புகுந்த அன்று பரணில் கிடந்ததால் தப்பியது. அன்று கால் நசுங்கிய மகன் இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கத் தொடங்கியதால் அவருடைய மனைவி அதை நேர்ச்சையாகக் கொடுத்திருந்தார். அந்த மகன்தான் கூட்டத்தில் இருந்து ஒரு தொகை சொன்னான். வழக்கப்படி எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.

நான் கேட்டேன்.

மகன் திரும்பிப் பார்த்தான். கூட்டிச் சொன்னான். நானும் கூட்டினேன். மறுபடி சொன்னான். நான் அதன்மேல் இரண்டு பங்கு ஏற்றினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். ஏலம் கூறுகிறவர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“வே, மைக்காரரே, இது வீட்டுக்குத் திரும்பிப் போற சாமான். உமக்குத் தெரியாதா?”

“ஏலம்னா ஏலம்தான அண்ணே,” என்றேன். “மூணு தரம் சொல்லும்.”

சொன்னார். என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன், கல்மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இவ்வளவுதான்: மச்சினன் என் வீட்டுக்கு வர வேண்டும். ஷோகேசில் பூட்டியிருக்கிற இதைக் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். அத்தான், ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்க வேண்டும். பார்க்கலாம் என்று நான் சொல்ல வேண்டும்.

ரசீது வாங்கினேன். கிட்டாரைக் கையில் எடுத்தபோது நேர்ச்சை கொடுத்த அந்த அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். திட்டுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“நீரு வாசிப்பீரா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஆட்டினேன்.

“எனக்க வீட்டுக்காரரு போனபொறவு இதுக்க சத்தம் கேக்கல. ஒரு பாட்டு வாசியும். கேட்டுட்டுப் போறேன்.”

முற்றம் முழுக்கக் காத்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் என்னுடையது, பெட்டி என்னுடையது, வயர் என்னுடையது. சொருகினேன். நுனி போன விரலைக் கழுத்தில் வைத்து இழுத்தேன். வந்த சத்தத்தை எப்படிச் சொல்ல? சுரம் தெரியாதவனுக்கு அது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு பிசகும் தெரிந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று காதுக்குத் தெரிகிறது, விரல் அங்கே போய்ச் சேரவில்லை. மறுபடி வைத்தேன், மறுபடி பிசகியது. அதைவிட எனக்கு வேறு தண்டனை எதுவும் தேவையில்லை.

பின்னால் ஒருவன், “மைக்காரருக்கு மைக்கு மட்டும்தாம்லே வாசிக்கத் தெரியும்,” என்றான்.

மாலையில் அங்கே எங்கள் கானமேளா. மேடை பார்க்க முன்னதாகவே வந்திருந்தான் மச்சினன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. “அத்தான், இது எங்க கிடந்தது?” என்று மட்டும் கேட்டான். தொடட்டுமா என்று கேட்கவில்லை. நானே நீட்டிவிட்டேன். அத்தனை பேர் நடுவில் வேறு என்ன செய்ய?

காலைப் பூசையில் பாடிய மாதா பாட்டை மெதுவாக எடுத்தான். அவனுக்கும் பிசகியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிசகின இடத்தில் இருந்து வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நின்றான். அந்த வழுக்கல் என் பெட்டிகள் வழியாக வெளியே வந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்கள்கூட அசையவில்லை. அம்மா கண்ணை மூடியிருந்தார்.

“இப்பிடித்தான் முனங்குவாரு, வலை பின்னும்போ,” என்றார். பிறகு கிட்டாரின் வாரை எடுத்து அவன் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். “உனக்க கையில இருக்கட்டு மக்கா. மாதா உனக்குத் தந்தது.”

முற்றத்தில் கைதட்டினார்கள். நேர்ச்சையைப் பிடுங்கிய என்மேல் இருந்த கோபம்கூட அந்தக் கைதட்டலில் கரைந்துவிட்டது. ரசீது என் சட்டைப்பையில், கிட்டார் அவன் கழுத்தில். திருப்பிக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அதன்பிறகு நடந்ததிலும் என் பங்கு இருக்கிறது. முதல் ஆறு மாதம் மேடையில் அவன் சுருதி தள்ளாடியது. மற்றவர்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. நான் மிக்சரில் இருந்து சுண்டுவிரலை உயர்த்துவேன், ஏற்று என்று. கவிழ்ப்பேன், இறக்கு என்று. கண்ணை மூடி வாசித்தவன் அந்த ஆறு மாதமும் கண்ணைத் திறந்து என் சுண்டுவிரலைப் பார்த்துத்தான் வாசித்தான். அந்த நாட்களில் எனக்கு வயிறு எரியவில்லை. ஏழாவது மாதம் அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். எரிச்சலும் திரும்பி வந்தது.

பிறகு திருவனந்தபுரம் ஸ்டுடியோக்களில் கூப்பிட்டார்கள். அப்புறம் சென்னை. என் குழுவை விட்டுப் போனான். நான்கைந்து வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம் தொலைக்காட்சியில் வந்தான், அந்தத் தேன் நிறக் கிட்டாரோடு. இந்த அபூர்வமான பொருள் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள் பேட்டி எடுத்த பெண். கடற்கரையில் ஓர் அம்மா என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள், மாதா தந்தது என்றார்கள் என்று சொன்னான். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அப்ப நான் யாரு?” என்று கேட்டேன்.

அவள் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நீங்க அத அந்த வீட்டுக்காரங்ககிட்ட இருந்து பிடுங்கினியதான. அதையும் சொல்லணுமா? அவன் சொல்லாம விட்டது உங்க மானத்துக்குத்தான்.”

அன்று நான் சாப்பிடவில்லை. மறுவாரம் அவன் ஊருக்கு வந்தபோது நேரிலேயே கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் பேரைச் சொன்னால் ஏலத்தையும் சொல்ல வேண்டிவரும் அத்தான், அதனால்தான் என்றான். அக்காளும் தம்பியும் பேசி வைத்ததுபோல ஒரே பதில். என்னைக் காப்பாற்றுகிறார்களாம்.

எனக்குக் காப்பாற்றல் தேவையில்லை. ஆகவே இதை எழுதுகிறேன், அவனும் படிப்பான். நீ அடுத்த முறை எங்கே பேசினாலும் முழுவதையும் சொல். ஊரே வாய்மூடி இருந்தபோது வழக்கத்தை உடைத்து ஏலம் கேட்டவன் உன் அத்தான் என்று சொல். உன்னைக் கெஞ்ச வைப்பதற்காகவே கேட்டான் என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள். ஆனால் அவன் கேட்டிராவிட்டால் அந்தக் கிட்டார் மறுபடி பரணுக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் அதில் தொட்டில் கட்டியிருப்பார்கள். உன் சுருதி ஆறு மாதம் யாருடைய சுண்டுவிரலில் தொங்கியது என்றும் சொல். அடுத்த இசைத்தட்டின் உறையில் அந்த அம்மாவுக்கு நன்றி போடு, மாதாவுக்கும் போடு. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இனிஷியலோடு என் பெயரைப் போடு. கண்டுபிடித்தவர் என்று போடு. வாங்கியவர் என்று போடு.