அப்பாவின் ஜீனும் அம்மாவின் தட்டும்

அப்பா குடியை விட்டதில் எனக்குச் சந்தோஷமில்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். சந்தோஷப்பட்டேன்தான், கொஞ்ச நாள். அதன் பிறகு எரிச்சல்தான் மிஞ்சியது.

நாங்கள் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். சுனாமி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனதும் போர்ட் பிளேருக்கு வந்து கராச்சர்மாவில் குடியேறினோம். அப்பா ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலுக்குச் சுமை ஏற்றினார். சாயங்காலமானால் குடித்தார். கேட்டால், எல்லாம் கடல் செய்த வேலை என்பார். அந்தக் கடல் அம்மாவையும்தான் அடித்தது. அவள் குடிக்கவில்லை.

வருஷங்கள் இப்படியே போன பிறகு, சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் அப்பாவை அங்கே கூட்டிப்போய் சிகிச்சையில் சேர்த்தான். அவருடைய எச்சிலை ஒரு குப்பியில் பிடித்து மரபணுச் சோதனைக்கும் அனுப்பினான். குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. அந்தக் 'கொஞ்ச'த்தையும் 'இருக்கலாம்' என்பதையும் அப்பா காற்றில் விட்டுவிட்டார்.

"நான் என்னம்மா செய்ய? ரத்தத்துலயே இருந்திருக்கு" என்றார் என்னிடம். பக்கத்து வீட்டு பெங்காலிக்காரரிடம் அதையே ஹிந்தியில் பெருமையாகச் சொன்னார். முதலில் கடல், இப்போது ஜீன். தூக்கிக் குடித்த கை மட்டும் ஒரு பாவமும் அறியாது!

அந்த முடிவை வைத்து, சிகிச்சை தந்த இடத்தில் அவருக்கென்றே ஒரு சாப்பாட்டு முறை சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். காலையில் ஊறவைத்த பாதாம், பிறகு முட்டை, நடுவில் பழம், மத்தியானம் கீரையும் மீனும். மெயின்லேண்டிலிருந்து கப்பல் தாமதமானால் இங்கே ஆப்பிளைக் கண்ணால் பார்க்க முடியாது. அம்மா கடை கடையாக அலைவாள். சமைத்து வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நிற்பாள். பசித்தால் குடிக்கத் தோன்றுமாம், அங்கிருந்த ஆலோசகர் போனில் சொன்னாராம். குடும்பமே ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொன்னாராம். எங்கள் வீட்டில் குடும்பம் என்றால் அம்மாதான். குடித்தபோதும் வீடு அவர் வாயைச் சுற்றித்தான் ஓடியது, விட்ட பிறகும் அப்படியேதான்.

நான் கல்யாணமாகி அதே ஊரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் அம்மாவின் தட்டில் சோறும் ரசமும் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பாள். பச்சைப் பொய்.

ஒரு நாள் காலை பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் உடம்பில் ரத்தமே இல்லை என்கிற நிலை. தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டரம்மா ஹிந்தியில் கேட்டார். அம்மா படுத்தபடியே ஒப்பித்தாள்: பாதாம், முட்டை, பழம், கீரை, மீன்.

வெட்கத்தில் சொன்னாளா, சாப்பாடு என்றால் அவளுக்கு அது ஒன்றுதான் நினைவுக்கு வந்ததா, தெரியவில்லை. இவ்வளவு தின்றும் ரத்தம் ஏன் இப்படிக் குறைந்தது என்று டாக்டர் குழம்பிப்போனார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அது பாப்பா கா கானா, டாக்டர்! அப்பாவோட சாப்பாடு! அம்மா ஒரு வாய்கூடத் தின்னதில்ல!" ஹிந்தியும் தமிழும் கலந்து நான் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பா கால்மாட்டில்தான் நின்றிருந்தார்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். "மெதுவா பேசுடி. மனசு நொந்துச்சின்னா அவரு மறுபடி ஆரம்பிச்சிருவாரு."

அப்பா விறுவிறுவென்று வெளியே போனார்.

"பின்னாலயே போடி. கடைப்பக்கம் போயிரப் போறாரு."

சின்ன வயதிலிருந்து எத்தனை முறை அப்படி ஓடியிருப்பேன்! அன்று போகவில்லை. நர்ஸ் வைத்துவிட்டுப் போன ரொட்டியைப் பாலில் நனைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனா போகட்டும். மொதல்ல நீ தின்னு" என்று அதட்டினேன். அழுகையும் ஆத்திரமுமாக என் குரல் எனக்கே பயங்கரமாகக் கேட்டது. அம்மா வாயைத் திறந்தாள். பசித்துத் திறக்கவில்லை, என்னைப் பார்த்துப் பயந்துதான் திறந்தாள்.