மேஸ்திரிக்கு மட்டும் ஒரு சுருமுரி

மைசூரில் நான் கை நனைக்காத தள்ளுவண்டி கிடையாது. நான் வருவது தெரிந்தால் மசால் பூரிக்காரர்கள் பட்டாணியைக் கூடுதலாக ஊறப்போடுவார்கள். நான் ஊரில் இல்லாத நாட்களில் பாதி வண்டிகள் வெளியே வருவதில்லை. இதில் கொஞ்சம் மிகை உண்டு. எனக்குப் பழக்கமான வண்டிகள் நாலைந்துதான். அதில் ஒன்று இளநீர் வண்டி, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. ஆனால் சுப்பையாவைப் பற்றி இப்போது எழுதப்போவதில் மிகை இல்லை. தேவையான அளவுக்குத்தான் இருக்கிறது.

சுப்பையா எங்கள் தெருவில் குடியிருக்கும் டைல்ஸ் மேஸ்திரி. சொந்த ஊர் எல்லையோரத்துத் தமிழ்க் கிராமமான மார்டள்ளி. எங்கள் பகுதியான வித்யாரண்யபுரத்தில் பாதி வீடுகளின் தரை அவர் கைவேலை. அவர் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அது அங்கேயே நிற்கும். வேலையாட்களிடம் அளந்துதான் பேசுவார். "கலவையில தண்ணி ஒரு கை கொறைச்சுக்கோ" என்றால் ஒரு கைதான், முக்கால் கை கிடையாது.

சாயங்காலம் சிமெண்ட் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு பஸ் நிறுத்தத்து விளக்குக் கம்பத்தடியில் வந்து நிற்பார். அங்கேதான் கெம்பம்மாவின் சுருமுரி வண்டி. பொரியில் வெங்காயமும் காய்த் துருவலும் காரமும் தேங்காயெண்ணெயும் விட்டு, பாத்திரத்தில் தட்டித் தட்டிக் கலந்து, காகிதப் பொட்டலத்தில் தருவாள். நின்ற இடத்திலேயே தின்றுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் பொரி நமத்துவிடும். கெம்பம்மாவுக்கும் அதே எல்லைப் பக்கம்தான், ஊர் கௌதள்ளி; தமிழையும் கன்னடத்தையும் அதே பாத்திரத்தில் கலந்து பேசுவாள்.

வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சுப்பையா மட்டும் கேட்க வேண்டியதில்லை. தெருத் திருப்பத்தில் அவர் தலை தெரிந்ததும் பாத்திரம் தட்டுகிற சத்தம் ஆரம்பித்துவிடும். இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவனுக்கு வீடு கிடைக்கும், ரேஷன் கார்டு கிடைக்கும். என்ன வேண்டும் என்று கேட்காமலே வண்டிக்காரி கலந்து நீட்டுகிற அந்தஸ்து எளிதில் கிடைக்காது. அந்த அந்தஸ்தைப் பற்றிச் சுப்பையா யாரிடமும் பெருமை பேசியதில்லை, பக்கத்தில் நிற்பவர்களிடம் தவிர.

"எனக்குப் போடறது வேற டீச்சரம்மா," என்பார் என்னிடம். "அந்தப் பக்குவம் மத்தவங்க பொட்டலத்துல இருக்காது."

"ஒரு வாய் குடுங்களேன், பார்க்கறேன்."

"அது உங்களுக்கு ஒத்துக்காதுங்க," என்று பொட்டலத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் தீபக் என்ற இளைஞன் எதிர்ச்சாரியில் புது வண்டி போட்டான். கலர் பல்பு, பாட்டு, சுருமுரியில் பீட்ரூட் துருவல். தீபக் வீட்டு அடுக்களைக்கு டைல்ஸ் ஒட்டியது சுப்பையாதான். ஒருநாள் அந்தப் பக்கமாக வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, ஒந்து சல, ஒரே ஒரு தடவ டேஸ்ட் பண்ணிட்டுப் போங்கண்ணா. நல்லா இல்லேன்னா திட்டுங்க."

தரை போட்டுக்கொடுத்த வீட்டுப் பையன். மறுக்க முடியவில்லை. கெம்பம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி நின்று தின்றார். அவர் முதுகு அகலமானது. அதனால் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அன்றைக்கு மட்டும் வராமல் போனால் கெம்பம்மா சந்தேகப்படுவாளே என்று யோசித்தார். நேரே சாலையைக் கடந்து வந்து விளக்குக் கம்பத்தடியில் வழக்கம்போல நின்றார்.

கெம்பம்மா அவர் மீசையைப் பார்த்தாள். வெள்ளை மீசை. அதன் கீழ் ஓரம் முழுக்க ரோஜாப்பூ நிறம்.

"என்ன வேணுங்க சார்?" என்றாள்.

பக்கத்தில் நின்ற நான் மெல்லுவதை நிறுத்தினேன். அவரை அவள் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"எப்பவும் போடறதுதான்," என்றார் சுப்பையா.

"எப்பவும்னா எதுங்க? எத்தனையோ பேர் வந்து போற எடம். சொன்னீங்கன்னா போட்டுத் தர்றேன்."

சுப்பையா வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது: இத்தனை வருஷமாகத் தின்னும் பண்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

"பொரி," என்றார். அது சரியாக இருந்தது. "வெங்காயம். தக்காளி. கேரட்டு. அப்புறம் காரம்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவையும் போட்டாள். அவர் உப்பு என்று சொல்லவில்லை, அவளும் போடவில்லை.

மறுநாள் உப்பு ஞாபகம் வந்தது, எண்ணெய் மறந்துபோனது. ஒட்டாமல் கிடந்த மிளகாய்ப்பொடி தொண்டையில் ஏறி அவர் இருமிய இருமலுக்கு, வந்த பஸ் நிறுத்தத்துக்கு முன்பாகவே நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் எண்ணெயைச் சொன்னார்.

"எவ்வளவுங்க சார்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

தண்ணீரைக் கைக்கணக்கில் சொல்லுகிற மனிதர், எண்ணெய்க்கு விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். வெறுத்துப்போய் ஒருநாள், "எல்லாத்தையும் போடு" என்றார். வண்டியில் இருந்த எல்லாவற்றையும் போட்டாள். அவள் இடுப்புப் பையில் வைத்திருந்த பாக்கை மட்டும் போடவில்லை. அதுவும் வேண்டுமா என்று கேட்டாள்.

மனைவி சொர்ணலதாவை அனுப்பிப் பார்த்தார். அவள் போய், "ஒரு சுருமுரி" என்று வாங்கி, வழியில் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்து சேர்ந்தாள். பொரி நமத்துக் கூழாகியிருந்தது. சுப்பையா ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுவா இருக்குமோன்னு தோணுது. ஆனா உசுரு போயிருச்சு."

"என் கொழம்புல உப்பு இல்லேன்னா மட்டும் முதல் வாயிலயே கண்டுபுடிப்பீங்க," என்றாள் சொர்ணலதா.

அந்த வாரம் அவர் போட்ட ஒரு குளியலறையில் தண்ணீர் வடிகுழிக்குப் போகாமல் வாசலைப் பார்த்து ஓடியது. உடைத்து மறுபடி ஒட்டினார். அவர் கைக்கு இப்படி நேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"பொரிக்காக இல்ல டீச்சரம்மா," என்றார் என்னிடம். "வேலைய விட்டு வந்தா, அந்த ஒரு எடத்துல நான் யாருன்னு சொல்ல வேண்டியதில்லாம இருந்துச்சு. இப்ப பஸ்ஸு விட்டு எறங்கின புது ஆளாட்ட நிக்கறேன்."

நான் கெம்பம்மாவிடம் தூது போனேன்.

"நானென்னங்க பண்ணுனேன்?" என்றாள். "சொன்னதத்தான் போடறேன். அவர் சொன்னதுல ஒண்ணு கொறைஞ்சுதா, கேளுங்க."

குறையவில்லை. தூது முடிந்தது.

பிறகு ஒருநாள் சுப்பையாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. பல் டாக்டர் பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது, காரம் தொடவே கூடாது என்று அனுப்பிவைத்தார். வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு நடந்தவரின் கால்கள், அவரைக் கேட்காமல் விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றன.

கெம்பம்மா பார்த்தாள். அவரும் பார்த்தார். பஞ்சைக் கடித்தபடியே நின்றார். அவர் மீசை சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. அவள் பாத்திரத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். கலந்து, பொட்டலம் மடித்து, "இந்தாங்க மேஸ்திரி" என்று நீட்டினாள்.

சுப்பையா வாயிலிருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றார். பல் பிடுங்கிய குழியில் மிளகாய்ப்பொடி இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் இவருக்கு ஏதோ துக்கம் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவர் பொட்டலத்தின் அடி வரை தின்றார்.

"அதேதான் டீச்சரம்மா," என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "அந்தப் பக்குவம்."

சுப்பையாவுக்கென்று மட்டும் கெம்பம்மாவின் கையில் இருக்கும் அந்தக் கலவை, மைசூரில் வேறு யாருக்கும் இன்றுவரை கிடைத்ததில்லை.

இதுவரை எழுதியதை நேற்றுச் சாயங்காலம் வண்டியடியில் நின்று படித்துக் காட்டினேன். சுப்பையா தன் பொட்டலத்தைத் தின்றபடி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கெம்பம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கடைசி வரை கேட்டாள்.

"மத்ததெல்லாம் சரிங்க டீச்சரம்மா, அந்தக் கடைசி வரிய அடிச்சிருங்க. வாயத் தொறந்து சொன்னா, சொன்னபடி போடுவேன். சொல்லாம நின்னா எல்லாருக்கும் போடறதத்தான் போடுவேன். மேஸ்திரிக்குன்னு தனியா நான் எப்பங்க போட்டேன்?"