முதல் பெயர்

எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தோரு வயதில் வந்த எழுத்து இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் நம் வகுப்பின் வாரத் தாளுக்கு எழுதும் இதை வேறு கையில் கொடுத்து எழுதவைக்க மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். நம் வகுப்பில் படிக்கும் கஸ்தூரி வந்தாள். "தாத்தா, தேவராஜ் சாரு போய்ட்டாரு. நெஞ்சு வலின்னாராம், அவ்ளோதான்." ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நான் மூட்டை தூக்கிய கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து வந்து, மாதா கோயில் பக்கத்து அறையில் நமக்கு எழுத்து சொல்லித் தந்தார். கம்பெனி கழித்துப்போட்ட கணினியைக் கேட்டு வாங்கி, அதை இயக்க லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை அவர் ஏற்றிய நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். எழுத்து பெரிதாக வேண்டும், முருகன் படம் வேண்டும், விளையாட்டுகள் வேண்டாம் என்று ஆளுக்கொன்று கேட்டோம்.

"ஏத்தும்போது இது அதெல்லாம் கேக்காது. மொழி, கீபோர்டு, ஊரு, ஒரு பேரு. மீதிய உள்ள போய் மாத்திக்கலாம்" என்றார்.

வரைபடத்தில் நம் ஊரைத் தொட்டார். கொல்கத்தா என்று வந்தது.

"இன்னா சார், நம்மள நாடு கடத்திட்ட?" என்றாள் கஸ்தூரி.

"இது நேரத்துக்குத்தான் கேக்குது. இந்தியா முழுக்க நேரம் ஒண்ணுதாம்மா, உடு."

அடுத்து கணினி பெயர் கேட்டது. இருந்தது ஒன்பது பேர். ஏற்றும்போது அது ஒருவரைத்தான் சேர்க்கும். மற்றவர்களைப் பிறகு அந்த ஆள்தான் தன் கடவுச்சொல்லைப் போட்டுச் சேர்க்க வேண்டும். சார் பெயரையே போடச் சொன்னோம். அவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பேப்பர் படிக்கும்போது நான் மட்டும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். இனி வரமாட்டேன் என்று முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"முனுசாமி நைனா பேரு போடறேன்."

"பேஜாரு சார். நானே கடைசி ஆளு."

"அதுக்குத்தான். கடைசி ஆளு கைல சாவி இருந்தா யாரும் அவன உட்டுட்டுப் போவ முடியாது. அவனும் வூட்ல குந்திக்க முடியாது."

எனக்கு எண்கள் தெரியும். கடவுச்சொல்லை எண்களாகவே வைத்தேன். நான் அழுத்தும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று முதல் நான் ஒரு வகுப்புக்கும் போகாமல் இருந்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி ரோசம்மா வகுப்புக்கு வந்தார். "அவரு படிச்சிக் காட்டுவாருன்னு இருந்துட்டேன்ணா. இப்ப கரண்டு பில்லுகூட எனக்குப் படிக்கத் தெரியல" என்றார். அவரைச் சேர்க்கக் கணினி கடவுச்சொல் கேட்டது. இரண்டு முறை தப்பாகப் போட்டேன். மூன்றாவது முறை திறந்தது. ரோசம்மா என்று நானே அடித்தேன்.

"எழுத்து பொடிசா கீதே" என்றார்.

"உள்ள வாம்மா. அப்பால மாத்திக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது.

சார் தந்ததில் என்னிடம் இருப்பது அந்தச் சாவிதான். இப்போது வகுப்பில் கடைசி ஆள் நானில்லை. ரோசம்மா இன்னும் 'அ'வில் இருக்கிறார். 'ஆ' போட்டாரா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.