மூச்சு எடுக்கும் இடம்

இந்த முறை திருநாள் பூசைக்குப் பாட்டுக் குழு என் மகளின் பொறுப்பில். அந்தப் பெரிய லத்தீன் பூசைப் பாட்டை எந்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுவது என்று முடிவெடுக்க, போனில் மூன்றை மாறி மாறிப் போட்டாள். மூன்றாவதில், ‘கீரியே’ என்று ஆண்டவரை அழைத்து நீட்டுவதற்கு முன் அத்தனை பேரும் மூச்சை இழுப்பது கேட்டது.

“சீ, மூச்சுச் சத்தமும் சேந்து வருது,” என்றாள்.

எனக்கோ, சந்தனச் சவர்க்காரம் போட்டுக் குளித்தும் போகாத அப்பாவின் மீன் வாடை நினைவில் வந்தது. கற்பிட்டிக் கரையில் எங்கள் பங்குக் கோயிலில் அப்பாவும், அவரோடு கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக் கூட்டாளிகளும்தான் பாடுவார்கள். வலைக் கயிற்றைப் பிடித்து நிற்கும் அதே வரிசையில் நின்று, ஒன்றாக மூச்செடுத்து, ஒன்றாகப் பின்னால் சாய்ந்துதான் ‘கீரியே’ தொடங்குவார்கள். பெண்கள் பக்கத்தில் நாங்கள் முக்காட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவோம்.

பூசை வைக்கும் சுவாமி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “இதென்ன, பாட்டா, வலை இழுப்பா?”

“ரெண்டும் ஒண்டுதான் சுவாமி,” என்றார் அப்பா. “ஒருத்தன் முந்தி இழுத்தா மீனெல்லாம் போயிரும்.”

அடுத்த திருநாளில் பீடத்தில் நின்ற சுவாமியும் அவர்களோடு சேர்ந்து மூச்செடுத்தார்.

“முதலாவதுதான் சுத்தம், என்னம்மா?” என்றாள் மகள்.

“ஓம், சுத்தம்தான். மூண்டாவதை இன்னொருக்காப் போடு மகள்.”

போட்டாள். மூச்சு வந்தது. நான் கதிரையில் பின்னால் சாய்ந்தேன். பக்கத்தில் அவளும் சாய்ந்தாள்.