ராகு காலத்துக்குள் வரவேண்டிய போன்

மந்தைவெளியில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். போன் எங்கள் வீட்டில் இருந்ததே தவிர, அது எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கீழ் வீட்டு மாமி தன் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் எண்ணைத்தான் பி.பி. நம்பர் என்று கொடுத்திருந்தாள். அவளுக்கு அழைப்பு வந்தால் மாடிப்படியில் நின்று நான் கத்த வேண்டும். பத்து வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம் அது.

பிறகு சித்தப்பா கம்ப்யூட்டர் வாங்கி, அதே லைனில் இன்டர்நெட்டையும் கொண்டுவந்தார். அது ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். அதனால் சித்தப்பா முதலில் உள்ளறையிலிருந்து, "நெட் போடப் போறேன்!" என்று குரல் கொடுப்பார். யாருக்காவது போன் வரவேண்டியிருந்தால் அம்மா சமையலறையிலிருந்தே தடை உத்தரவு போடுவாள். சித்தப்பா மோடத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாமியின் மகளான கீழ் வீட்டு அக்காவை அந்தச் சமயத்தில் ஒரு குடும்பம் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குள், ராகு காலம் பிறப்பதற்கு முன், போன் செய்வதாக ஏற்பாடு. அக்கா கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்யாணத்துக்கு அப்புறம் வேலை கூடாது என்று பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மாமிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அக்காவை யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்கள் துணி எடுக்க தி.நகர் போய்விட்டார்கள். எனக்குத் துணையாக மாமியும் அக்காவும் மாடிக்கு வந்தார்கள். மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனில் பேசுவதற்குத்தான் பட்டு.

அக்கா உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "அந்த இன்டர்நெட்டை எனக்கும் காமியேண்டி."

"போன் வருமே, அக்கா?"

"அவா ஆறு மணிக்கு மேலதான் பண்ணுவா. நீ போடு."

மோடம் கீச்சிட்டுக் கரகரத்தது. "என்னடி சத்தம் அங்க?" என்று ஹாலிலிருந்து மாமி கேட்டாள்.

"கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆறதும்மா" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "ஏதாவது பெரிய படமா போடு. நேரமானா பரவாயில்ல" என்றாள் அக்கா. ஒட்டகச்சிவிங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் கொம்பு வந்தது. வெகுநேரம் கழித்துக் காது வந்தது. கழுத்து வரத் தொடங்கியபோது அக்கா திரையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடிக்க வெளியே போனேன். மாமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரிசீவரை ஒரு தடவை எடுத்துக் கேட்டிருந்தால் அந்தக் கீச்சுச் சத்தம் காதில் விழுந்திருக்கும். ஆனால் தான் எடுக்கிற நேரம் பார்த்து அவர்கள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் மாமி போனைத் தொடவேயில்லை.

நாலரை தாண்டியதும் அக்கா, "போதும்டி, நிறுத்திடு" என்றாள்.

"பாதிக் கழுத்துதானே வந்திருக்கு!"

"போதும்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது மாமி எங்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். "பக்கத்துலயேதானே உக்காந்துண்டிருந்தேன், ஒரு தடவைகூட அடிக்கலையே!" என்றாள். பிள்ளை வீட்டார் மதியம் முழுக்க முயன்றார்கள் என்பதும், ராகு காலம் பிறக்கும்வரை லைன் கிடைக்காததைச் சகுனத் தடையாக எடுத்துக்கொண்டு ஜாதகத்தைத் திருப்பிவிட்டார்கள் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஆறு மணிக்கு மேலும் போன் அடிக்காததால் அவர்கள் கூப்பிடவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். மாமியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே ஓடினேன். அக்கா ஆபீஸுக்குக் கட்டுகிற புடவைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சப் படத்தையும் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டேன்.

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாகக் கேட்டவளுக்கு ஒரே வாரத்தில் எப்படி அலுத்துப்போகும்? யோசித்துப் பார்த்ததில், படம் மெதுவாக வந்ததுதான் காரணம் என்று தோன்றியது. அக்காவுக்காக, இன்னும் வேகமான இன்டர்நெட் வாங்கும்படி சித்தப்பாவிடம் அன்றைக்கெல்லாம் அடம்பிடித்தேன்.