டிரைவர் அண்ணனின் கிரீன் டீ

எங்கள் டிரைவர் அண்ணனுக்கு அந்த வழித்தடம் என்றால் உயிர். பதினெட்டு வருடமாக அதே வளைவுகள், அதே நிறுத்தங்கள். நான் அவருடைய கண்டக்டர். எங்கள் இருவருக்கும் வாய் ஓயாது, பயணிகள்தான் பாவம்.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் அண்ணனின் சர்க்கரை எகிறியிருந்தது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, உதிரிபாகக் கிடங்கில் உட்கார வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அண்ணன் பேயறைந்த மாதிரி வந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கிரீன் டீ குடித்தால் சர்க்கரை குறையுமாம் என்று எங்கோ கேட்டதை எடுத்துவிட்டேன். மனிதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் காலை ஐந்து மணி வண்டிக்காரருக்கு இலையை ஊறவைத்து வடிகட்ட ஏது நேரம்? பிளாஸ்க்கில் இரண்டு பிடி இலையைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, சீட்டுக்குப் பக்கத்தில் செருகிவிட்டார். வண்டி குலுங்கக் குலுங்க ஊறி, பத்து மணிக்கெல்லாம் அது டீயாக இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். காது வரை கசந்தது.

"அண்ணே, ரெண்டு நிமிஷத்துல இலையை எடுத்துடணுமாம்."

"கசப்பு கம்மியானா சர்க்கரைக்கு எப்படிடா பயம் வரும்?"

முன்பெல்லாம் ஒவ்வொரு நடை முடிந்ததும் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீயும் இரண்டு கிரீம் பன்னும் உள்ளே போகும். இப்போது நாக்கு செத்துவிட்டதால் பன் மரத்தூள் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். நடந்தால் கசப்பு இறங்கும் என்று சொல்லி, இடைவேளை முழுக்க நிலையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். என் தலையெழுத்து, நானும் கூடவே ஓடினேன். மாத்திரையை மட்டும் அண்ணி விடவில்லை. தினமும் கண்ணெதிரே விழுங்கினால்தான் வாசலைத் தாண்ட விடுவார்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். அண்ணன் பெருமையாக பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா மூடியைத் திறந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, எல்லாவற்றையும் விசாரித்தார்.

"இந்த இலை கொஞ்சம் உதவியிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. சர்க்கரையும் பன்னும் நின்னிருக்கு, நல்லா நடந்திருக்கீங்க, மாத்திரையை ஒழுங்கா போட்டிருக்கீங்க. அதுதான் வேலை செஞ்சிருக்கு."

அண்ணன் இதில் பாதியைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்போ நான் வண்டி ஓட்டலாங்களா?"

"தாராளமா ஓட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டார். "நீயே சொல்லுடா" என்று கண் கலங்க போனை என்னிடம் நீட்டினார். எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணி, நாளைக்கு முதல் வண்டி எங்களோடதுதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணி சொன்னார்:

"சரி தம்பி, நாலு மணிக்கு எழுப்பி விட்டுடறேன்."